ஒன்றுமில்லை

முதல் தடவை விர்ட்சு படகுத்துறையில்.
பேருந்தின் பின்கதவு திறந்திருந்தது,
ஒரு பையன் சைக்கிளை ஏற்றிக்கொண்டிருந்தான்.
கரண்டிகள் நிறைந்த இழுப்பறையில்
யாரோ அவசரமாகக் கத்தியைத் தேடுகிறார்கள்,
என் நெஞ்சுக்குள்.
கிடைத்துவிட்டது போல, மூடினார்கள்.
நானும் கதவை மூடி வண்டியை எடுத்தேன்.
குரெஸ்ஸாரே போய்ச் சேர நாலு நிமிடம் தாமதம்.

ஆஸ்பத்திரிக்குப் போனால்
இதயம் முகம் கழுவித் தலைவாரி
ஆய்வாளர் வந்த வகுப்பு மாதிரி
கைகட்டி உட்கார்ந்துவிடும்.
இசிஜி காகிதத்தில் கோலம் பிசகவே இல்லை.
ஒன்றுமில்லை, என்றார் இளைஞர்.
ஐம்பத்துமூன்று வயது, மாதவிடாய் நின்ற பருவம்,
காப்பியைக் குறையுங்கள்.
அடுத்த முறை வேறொருவர், வேறொரு ஒன்றுமில்லை.
மூன்றாமவர் வலேரியன் துளி எழுதிக் கொடுத்தார்.
அது எங்கள் பூனைக்கு மிகவும் பிடித்திருந்தது.

கால்யூ படகில் முப்பது வருடம் எஞ்சின் பார்த்தவன்.
ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியைக் காதில் வைத்து
இரும்பின் நோவைக் கேட்பவன்.
ஒரு ராத்திரி என் மார்பில் காதை வைத்து
வெகுநேரம் பேசாமல் கிடந்தான்.
பிறகு, மிஸ்ஸிங் இருக்கு ஊர்வே, என்றான்.

இருக்கட்டும் என்றேன்.
உண்மையைச் சொல்கிறேன்:
எனக்கும் அந்த ஒன்றுமில்லை வேண்டியிருந்தது.
நோய்க்குப் பெயர் வந்தால்
என் உரிமத்தை யாராவது வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

டாக்டர் ஐவே டாம்பெர்க் கணினியைப் பார்க்கவில்லை.
மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து
ஒரு முழு நிமிடம் ஜன்னலைப் பார்த்தார்.
அப்போதும் அது ஒழுங்காகத்தான் துடித்தது.
இருந்தாலும் ஒரு சின்னப் பெட்டியை மார்பில் ஒட்டி,
ஏழு நாள், கூடவே ஒரு நோட்டு, என்றார்.
எழுதினேன்.

திங்கள் 02.15. புரண்டு படுத்தேன். துள்ளல்.
திங்கள் 18.40. கரண்டிகள்.
செவ்வாய். மாடிப்படி. இரண்டு துள்ளல், ஒரு பயம்.
புதன். பனி. இடது முழங்கால். மற்றபடி ஒன்றுமில்லை.

திரும்பப் போனபோது
என் துள்ளல்களை ஒவ்வொன்றாகப் பேனாவால் தொட்டார்.
இவை வழிதவறிய துடிப்புகள், எல்லோருக்கும் வரும்.
பேனா புதன்கிழமைக்குப் போய் நின்றது.
காலை 7.12 முதல் 9.05 வரை.
இதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்.
எங்கள் மொழியில் அதற்குக்
குளத்தில் காற்றுப் படும்போது எழும் சிலிர்ப்பின் பெயர்.

அந்த நேரம் நான் நாற்பத்தோரு பேரை ஓட்டிப்போனேன்.
சில்லறை சரியாகக் கொடுத்தேன்.
ஒரு கிழவரின் பையைத் தூக்கி வைத்தேன்.
மேலறைகள் பிழியாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தன.
ஓரத்தில் ஒரு குட்டிப் பை உண்டாம்,
அதில் ரத்தம் தேங்கும், கட்டியாகும்,
ஒருநாள் மூளைக்குக் கிளம்பும்.
அதற்கு நேர அட்டவணை கிடையாது.

அந்த மூன்று பேர்மேல் கோபப்பட நினைத்தேன்.
நாலாவது ஒன்றுமில்லை
என் கையெழுத்தில் இருந்தது.

மறுபடி ஓட்டலாமா?
மாத்திரை ஏறட்டும், எக்கோ பார்ப்போம்,
குழு கூடித் தீர்மானிக்கும்.
ஆமாம் என்று அவர் சொல்லவில்லை.
அதனாலேயே அவரை நம்பினேன்.

இப்போது மூன்றாவது இருக்கையில் பயணி நான்.
புதுப் பையன் பிரேக்கை மிதித்துத் தொலைக்கிறான்,
என் வலதுகால் தானாகத் தரையை அழுத்துகிறது.
காலையில் ஒன்று, இரவில் ஒன்று, ரத்தம் உறையாமலிருக்க.
அலமாரிக் கதவில் லேசாக இடித்ததற்கு
முழங்கையில் பிளம் பழ அளவு நீலம்.
மணிக்கட்டில் விரல் வைத்தால்
சில நாள் கணக்கு ஒட்டுகிறது,
சில நாள் ஏழுக்குப் பிறகு பதினொன்று வருகிறது.

இன்று எப்படி, என்று விளக்கை அணைக்கும்போது கேட்பான் கால்யூ.
அந்தப் பழைய சொல் நாக்கு நுனிவரை வரும்.
தெரியாது, என்பேன்.
மாத்திரை போட்டாச்சு.